இல்லாத நோயாளியின் படம்

கணக்குப் பிரிவு மேலாளருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது யார் என்று அந்த மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வைத்தவர் பாடு திண்டாட்டம் என்பதால் இனியும் தெரியப்போவதில்லை. பஞ்சுக் கட்டு வந்தால் பிரித்து எடை போடச் சொல்வாள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும்போது பக்கத்தில் போய் நிற்பாள். வாயெல்லாம் பல்லாக ஒருவர் படியேறி வந்தால், என்ன விற்க வந்திருக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அப்படிப்பட்டவளிடம்தான் பெரிய டாக்டர் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். பெரிய டாக்டர் மருத்துவமனையின் சொந்தக்காரர், அறுவை சிகிச்சை செய்கிறவர். கத்தி பிடிக்கும்போது நடுங்காத கை, பாங்கிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்கும்போது மட்டும் லேசாக ஆடும்.

"கம்பெனிக்காரர் சோதனைக்குன்னு குடுத்த மூணு மாசம் முடியப்போகுது. திங்கக்கிழமை வர்றாரு. வருஷம் முழுசுக்கும் சேர்த்துக் கையெழுத்துக் கேப்பாரு. நமக்குக் கட்டுபடியாகுதா இல்லையான்னு நீதான்மா பாத்துச் சொல்லணும்," என்றார்.

விஷயம் இதுதான். எக்ஸ்ரேவையும் சிடி ஸ்கேனையும் இங்கே எடுத்து இணையத்தில் அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதி அனுப்புவார். படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். மாதச் சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, அவருக்கென்று ஒரு அறையும் ஏசியும் கிடையாது.

கணக்குப் போட உட்கார்ந்தபோதே அவளுக்கு மனசு ஒப்பவில்லை. எந்தப் பக்கம் கூட்டினாலும் லாபமாகவே வந்தது. முன்பெல்லாம் படம் பார்க்கிற டாக்டர் லீவில் போனால், தலையில் அடிபட்டு வருகிறவர்களை ஆம்புலன்சில் ஏற்றி வேறொரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர் யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கட்டில் வாடகை, ஆபரேஷன் கட்டணம், மருந்துக்கடை வியாபாரம் எல்லாம் அந்த ஆம்புலன்சிலேயே ஏறிப் போய்விடும். இப்போது படம் போன ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. ரிப்போர்ட் வரட்டும் என்று சும்மா படுத்திருந்தவர்கள் சீக்கிரமே வீட்டுக்குப் போகிறார்கள், அந்தக் கட்டிலில் அடுத்தவர் வந்து படுக்கிறார். பாங்க் கடனில் வாங்கிய சிடி மெஷின், முன்பு மத்தியானத்துக்கு மேல் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றதுபோய், இப்போது தன் தவணையைத் தானே கட்டிக்கொள்கிறது.

இவ்வளவு நல்லதை ஒருவர் எதற்காக நமக்குச் செய்யவேண்டும்? யாரோ நன்றாகக் காது குத்துகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

இன்னொரு வருத்தமும் இருந்தது. கையெழுத்தானால் இருட்டறை டாக்டருக்கு வேலை இல்லை. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் உட்பட. இந்தக் கட்டடம் ஒற்றை மாடியாக இருந்த காலத்திலிருந்து படம் பார்க்கிறவர் அவர். ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, வெளிச்சத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே தலைமுடியைத் தொலைத்தவர். கையில் எப்போதும் பாதி ஆறிய டீ இருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கூட்டல் உதைத்து, மாடிப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தபோது, "அழாதம்மா, தப்பு எண்ணுலதானே? நான் தப்பு பண்ணினா ஆளே போயிடுவான்," என்று சொல்லிச் சிரிக்கவைத்தவர். அப்படிப்பட்ட மனிதரை ஒரு இணையக் கம்பி விரட்டுவதா?

ஆகவே பூதக்கண்ணாடி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். முதலில் அந்த வேகம். ஒரு மனிதர் ஒழுங்காகப் பார்த்தால் இவ்வளவு சீக்கிரம் எழுத முடியுமா? அப்புறம் ரிப்போர்ட்டின் கடைசி வரி. 'சிடி எடுத்துப் பார்ப்பது நல்லது', 'மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கவும்' என்று அடிக்கடி வந்தது. ஒவ்வொரு சிடியும் அவர்களுக்கு இன்னொரு கட்டணம். கடைக்காரரே 'இன்னும் ரெண்டு கிலோ சாப்பிடுங்க' என்று சீட்டு எழுதிக் கொடுப்பது போலிருந்தது அவளுக்கு. எல்லாவற்றுக்கும் மேல், எழுதுகிற ஆளை யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை ஒரு சந்தேகம் கேட்கப் போன் செய்தபோது, மறுமுனையில் ஒரு பெண் பேசினார். பேச்சு நடுவில் குக்கர் விசில் அடித்தது.

"டாக்டரா, சமையல்காரியா?" என்று போனை வைத்ததும் அவள் கேட்டாள். "ஒரு கை குக்கர்ல, ஒரு கை நம்ம நோயாளி நுரையீரல்ல. நல்லா இருக்கு கதை!"

அவள் கேட்டது மூச்சுப்பிடியிடம். மூச்சுப்பிடி எக்ஸ்ரே, சிடி இரண்டையும் எடுக்கிறவள். நாள் முழுக்க 'மூச்ச இழுத்துப் பிடிங்க' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவள். அவளுக்கும் இருட்டறை டாக்டர் என்றால் உயிர்.

"அக்கா, நிஜமாவே பாக்கறாங்களா, கம்ப்யூட்டரே எழுதுதான்னு எனக்கும் ஒரு சந்தேகம்," என்றாள் மூச்சுப்பிடி.

"சோதிச்சுப் பாத்துடுவோம். ஒண்ணுமே இல்லாத படம் ஒண்ண, யாரோ புது நோயாளின்னு அனுப்பு. அதுலயும் எதையாவது கண்டுபுடிச்சு சிடி எடுன்னு எழுதினா, குட்டு வெளிப்பட்டுடும். திங்கக்கிழமை அந்தக் கம்பெனிக்காரர் மூஞ்சி முன்னாலயே எடுத்து வைக்கறேன்."

"ஒண்ணுமே இல்லாத படத்துக்கு எங்கக்கா போறது?"

"எங்க வீட்டுக்காரர் படம் இருக்கே."

அந்தப் படத்துக்கு ஒரு சின்னக் கதை உண்டு. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எட்டு மாதம் முன்னால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கப் போய், ஏணி வழுக்கி, வலது விலாவில் நல்ல அடி. அவரை இங்கே கூட்டிவந்து 'வீட்டுப் படம்' எடுத்தார்கள். வீட்டுப் படம் என்பது அந்த மருத்துவமனையில் வழிவழியாக வந்த வழக்கம். வேலை செய்கிறவர்களின் குடும்பத்தார் வந்தால் டோக்கன் கிடையாது, பில் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது. இருட்டறை டாக்டர் டீ குடிக்கிற நேரத்தில் திரையில் போட்டுக் காட்டினால் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். "எலும்பு எல்லாம் பத்திரமா இருக்கு. இனிமே ஏணி ஏறாதீங்க, கார்லயே இருங்க," என்றார். கணவர் பலமாகச் சிரித்து, விலா வலித்து, "ஐயோ" என்று பிடித்துக்கொண்டார். பில் இல்லாமல் பஞ்சுகூட வாங்காத பூதக்கண்ணாடி, பில் இல்லாமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

"பேரு என்ன போடட்டும்?" என்றாள் மூச்சுப்பிடி.

"ஏதோ ஒண்ணு போடு. வயச மட்டும் அப்படியே வை. இருமல்னு எழுது."

வெள்ளிக்கிழமை காலையில் இல்லாத அந்த நோயாளியின் படம் போனது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ரிப்போர்ட் வந்துவிட்டது. மூச்சுப்பிடி அதை அச்செடுத்துக்கொண்டு கணக்கு அறைக்கு ஓடிவந்தாள். வந்தவள் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பூதக்கண்ணாடி பிடுங்கிப் படித்தாள். எலும்புகள் சரி. இதயம் சரி. வலது நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால், சிறிய நிழல் ஒன்று தெரிகிறது. சந்தேகத்துக்குரியது. தாமதமில்லாமல் சிடி எடுத்துப் பார்க்கவும்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தாள். அடுத்த கணமே மேசையைத் தட்டினாள். "மாட்டிக்கிட்டாங்க! நான் சொல்லல? கையும் களவுமா!"

"அக்கா... ஒருவேளை..."

"என்ன ஒருவேளை? நம்ம டாக்டர் பாத்த படம்டி இது. அவருக்குத் தெரியாத நிழலு, குக்கர் வெச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

மூச்சுப்பிடி மென்று விழுங்கினாள். "இருட்டறை டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமா?"

"ஊர்ல இல்ல அவரு. மக வீட்டுக்குப் போயிருக்காரு, திங்கக்கிழமைதான் வருவாரு. வந்ததும் காட்டி, சிரிக்கலாம்."

அன்று மாலையே போன் வந்தது. அந்தப் பெயரில் யாராவது கேட்டால் தனக்குத் தரும்படி வரவேற்பில் அவள் சொல்லி வைத்திருந்தாள்.

"காலையில ஒரு எக்ஸ்ரே பாத்தேன் மேடம். அந்த நோயாளி சிடிக்கு வந்தாரான்னு கேக்கக் கூப்பிட்டேன்," என்றார் அன்று குக்கர் விசிலோடு பேசிய அந்தத் தூரத்து டாக்டர்.

"சொல்லியிருக்கோம். வர்றேன்னாரு."

"கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. தள்ளிப் போடவேண்டாம்."

அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். ரிப்போர்ட் எழுதி அனுப்பியதோடு நிற்காமல் போன் போட்டு வேறு சிடியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களே! இப்படி விரட்டி விரட்டி வியாபாரம் பண்ணினால் ஏன் மூன்று மாதத்தில் லாபம் ஏறாது? சனிக்கிழமையும் அதே போன், அதே கேள்வி. சனிக்கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எரிச்சலுக்கு அடியில் இருந்ததற்கு என்ன பெயர் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு லாரி வளைவில் வேகமாகத் திரும்பியது. அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்களுக்காகப் பிரேக் போட்டுப் போட்டு வந்த பழக்கம். வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தூக்கத்தில்கூட மிதிப்பார்.

அவள் கதவில் சாய்ந்தபடி அவர் கழுத்தையே பார்த்தாள். பனியனுக்கு மேலே காறை எலும்பு எட்டிப் பார்த்தது. முன்பே அப்படித்தான் எட்டிப் பார்த்ததா, இப்போது மெலிந்துவிட்டாரா?

"என்ன, திருடனப் பாக்கற மாதிரி பாக்கற?" என்றார் அவர்.

"உங்களுக்கு இருமல் ஏதாவது இருக்கா?"

"இல்லையே. ஏன், மருந்துக்கடையில இருமல் மருந்து தேங்கிப் போச்சா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேட்டதா சரித்திரமே இல்லையே," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி லாரியைப் பார்க்கத் திரும்பினார்.

சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. என்ன சொல்வது? உங்கள் நெஞ்சை ஒரு பொய்ப் பெயரில் ஏமாற்றுக்காரர்களுக்கு அனுப்பினேன், அவர்கள் ஒரு பொய்யைத் திருப்பி அனுப்பினார்கள் என்றா? இருட்டறை டாக்டர் பார்த்துவிட்டார், பத்திரம் என்று சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை. கம்பெனிக்காரர் முன்கூட்டியே வந்து பெரிய டாக்டரின் அறையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியே அவர் பற்கள் தெரிந்தன. பூதக்கண்ணாடி அந்த ரிப்போர்ட்டை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்போது மேசைப் போன் அடித்தது.

"மேடம், அந்த நோயாளி சிடி எடுத்தாரா?"

"வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"இதையேதான் வெள்ளிக்கிழமையும் சொன்னீங்க."

அவளுக்குச் சுரீரென்றது. "வரலைன்னா நாங்க என்ன, கையப் புடிச்சா இழுத்துட்டு வர முடியும்? நான் ஒண்ணு கேக்கறேன் டாக்டர், உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு சிடி வந்தா உங்க கணக்குல ஒண்ணு ஏறும். அதுதானே?"

மறுமுனையிலிருந்து உடனே குரல் வந்தது. கோபம் இருந்தது, ஆனால் அடக்கிய கோபம்.

"சரி மேடம். உங்களுக்கு அப்படித் தோணினா, சிடிய உங்ககிட்ட எடுக்க வேண்டாம். எனக்கு அனுப்பவும் வேண்டாம். அவருக்கு எங்க நம்பிக்கை இருக்கோ அங்க போய் எடுக்கட்டும், யார் வேணா பாக்கட்டும். அந்த எக்ஸ்ரேக்கும் காசு வேண்டாம், கம்பெனிக்கு நானே எழுதிடறேன். எனக்கு அந்த மனுஷன் எடுத்தாருன்னு தெரிஞ்சா போதும். எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு மேடம், லேசுல கண்ணுல படாத எடம். இன்னும் கொஞ்சநாள் போனா எல்லாரு கண்ணுக்கும் தெரியும். அப்பத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

பூதக்கண்ணாடி கையில் உறையோடு நின்றாள். மூன்று நாளாக அவள் கட்டி வைத்திருந்த கணக்கு ஒரே ஒரு தூணில் நின்றது: காசுக்காகச் சொல்கிறார்கள். அந்தத் தூணை அந்தப் பெண் சாதாரணமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். காசு வேண்டாம் என்கிறவர் எதற்காகப் பொய் சொல்லவேண்டும்? நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? அவரு நம்பர் குடுங்க, நானே பேசறேன். இல்லைன்னா வீட்டுல யாராவது... சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் அவள்.

"அவங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. பயமுறுத்த வேண்டாம். சொன்னாக் கேட்டுக்குவாங்களா?"

"கேட்டுக்குவாங்க டாக்டர்."

தன் குரல் இப்படி ஒலிக்கும் என்று அவளுக்கே தெரியாது.

கீழே இருட்டறையில் இருட்டறை டாக்டர் அப்போதுதான் வந்து, டீயை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டு விசேஷங்களைச் சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் எதையும் விளக்கவில்லை. மூச்சுப்பிடியைக் கூப்பிட்டுக் கணவரின் பழைய படத்தைத் திரையில் போடச் சொன்னாள்.

"ஓ, நம்ம ஏணிக்காரர்," என்று அவர் சிரித்தார்.

"மேல பாருங்க டாக்டர். காறை எலும்புக்குப் பின்னால."

அவர் பார்த்தார். எழுந்துபோய் அறையில் மிச்சமிருந்த ஒரு விளக்கையும் அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விரலைத் தூக்கி ஓரிடத்தில் வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"அன்னைக்கு விலா எலும்பு ஒடஞ்சிருக்கான்னு கேட்ட. நான் விலா எலும்பத்தாம்மா பாத்தேன்." விரலை எடுக்காமலே சொன்னார். "ரிப்போர்ட் எழுதணும்னு இருந்தா மேலேருந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணாப் பாத்திருப்பேன். எழுத உக்காந்தாத்தான் கண்ணு எல்லா எடத்துக்கும் போகும். வெளி ஆளா வந்து காசு கட்டியிருந்தாருன்னா..."

அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. பாதி டீயோடு என் புருஷன் உயிரைப் பார்த்தீர்களா என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் சலுகை என்று பல்லைக் காட்டிக்கொண்டு அதை வாங்கியது யார்? அவள்தான். கத்துவதற்குத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"இத யாரு பாத்துச் சொன்னது?" என்று கேட்டார்.

"தூரத்து டாக்டர்."

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். "நல்ல கண்ணு. போம்மா. போய் அவரக் கூட்டிட்டு வா. இங்க நிக்காத."

மாடியில் பெரிய டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைத் தேடிக்கொண்டிருந்தார். "என்னம்மா, எங்க போன? கட்டுபடியாகுமா ஆகாதா, ஒரு வார்த்தையில சொல்லு."

"ஆகும் சார்," என்றாள் நடந்துகொண்டே. "வயித்து ஸ்கேனுக்கு மட்டும் இங்கயே ஒரு டாக்டர் வேணும். அது தொட்டு, அமுக்கிப் பாக்கற வேலை, கம்பியில அனுப்ப முடியாது. அதுக்கு நம்ம டாக்டர் இருக்கட்டும். கணக்கு என் மேசையில இருக்கு, பாத்துக்குங்க."

கம்பெனிக்காரர் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்று கும்பிட்டார். அவள் அவரைக் கவனிக்கவே இல்லை.

கணவர் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்து இறங்கினார். போனில் அவள் ஒன்றும் சொல்லவில்லை; வாங்க என்று மட்டும் சொல்லியிருந்தாள். நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்து, பொய்ப் பெயர் முதல் காறை எலும்பு வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வலது கால் மட்டும் இரண்டு தரம் தரையை மிதித்தது.

"சரி, எடுத்துடுவோம்," என்றார் கடைசியில். "வீட்டுப் படம்தானே? வரிசையில நிக்கற வேலை இல்லையே?"

"இல்லைங்க. நிக்கணும்."

அவளே போய்க் கவுன்டரில் நின்றாள். காசாளர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "மேடம், உங்க வீட்டுக்காரருக்கா? நேரா உள்ள போங்க. எதுக்கு..."

"பில் போடுங்க. அவரு சொந்தப் பேர்ல போடுங்க, வயசு சரியாப் போடுங்க. முழுசா ரிப்போர்ட் வேணும்."

சிடி எடுத்து முடிந்தது. படங்களை அனுப்புவதற்கு முன்னால் பூதக்கண்ணாடி தூரத்து டாக்டரை அழைத்தாள். "வேற யாரும் வேண்டாம். நீங்களே பாருங்க டாக்டர்," என்றாள். நோயாளி யார் என்பதையும், அந்த எக்ஸ்ரே எட்டு மாதப் பழசு என்பதையும் சொன்னாள். பதிலுக்கு, "அனுப்புங்க," என்று ஒரு சொல் மட்டும் வந்தது.

கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுவர்க் கடிகாரம். இவ்வளவு சீக்கிரம் எப்படி எழுதுகிறார்கள் என்று மூன்று மாதம் சந்தேகப்பட்டவளுக்கு, இவ்வளவு நேரம் என்னதான் பார்க்கிறார் என்று இருந்தது. சாப்பாட்டு வண்டி போனது. யாரோ ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து வீறிட்டது. கடிகாரத்தில் என்னவோ கோளாறு, முள் நகரவே இல்லை என்று அவள் எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தாள். நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

கைபேசி அடித்தது.

"மேடம், பாத்துட்டேன். சின்னது. எட்டு மாசத்துல கொஞ்சம் வளந்திருக்கு. வேற எங்கயும் எதுவும் தெரியல. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிக்கணும். அதுல என்ன வந்தாலும் ஆபரேஷன்ல எடுத்துடற அளவுலதான் இருக்கு. நேரத்துல வந்துட்டாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவரின் கை அவள் முழங்கை மேல் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் தூரத்து டாக்டர். "அந்த எக்ஸ்ரே ஏன் வேற பேர்ல வந்துச்சு?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பெயர் மாறிவிட்டது, கம்ப்யூட்டர் கோளாறு என்று எத்தனையோ சொல்லலாம். அவளுக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை.

"உங்களச் சோதிக்க அனுப்பினேன். ஒண்ணுமே இல்லாத படம்னு நெனச்சு அனுப்பினேன். அப்ப உங்க மேல எனக்குக் கொஞ்சங்கூட நம்பிக்கை இல்ல டாக்டர்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"நல்லவேளை," என்றார். "நம்பியிருந்தீங்கன்னா அனுப்பியிருக்கவே மாட்டீங்களே."

போன் வைக்கப்பட்ட பிறகும் அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"என்னவாம்?" என்றார் கணவர். சிடி எடுத்துவிட்டு அவசரத்தில் சட்டையை ஒரு பொத்தான் தவறிப் போட்டிருந்தார். இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் அவள் அதைப் பார்க்கவில்லை.

"சொல்றேன்," என்றாள். பதில் சொல்வதற்கு முன்னால் எல்லாப் பொத்தான்களையும் கழற்றி, மேலிருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டுவிட்டாள்.